துளைகள்

எழுபத்திரண்டு அடி அகலம், முப்பது அடி உயரம்.
பழைய திரையை இறக்க
மன்னார்குடி கீழப்பாலத்திலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள்.
சட்டத்தில் இழுத்துக் கட்டிய கயிற்றை
அவிழ்க்க அவிழ்க்க அது ஒருபக்கமாகச் சரிந்து
முதல் மூன்று வரிசை நாற்காலிகளின் மேல்
பெருமூச்சு விட்டுப் படுத்தது.

இருபத்தோரு வருடம் அதில்
யார் யாரோ செத்தார்கள், பிழைத்தார்கள்.
ஒரு கண்ணிமை பரிசல் அளவுக்கு இருந்தது.
முன்வரிசையில் கழுத்து நோக அண்ணாந்தவர்களுக்கு
அழுகிற முகத்தில் மூக்கு மட்டும்தான் தெரியும்.
அதற்கும் சேர்ந்தே அழுதார்கள்.

நான் மேலே, ப்ரொஜக்டர் அறையில் இருப்பவள்.
படம் பூட்டோடு வரும், சாவி மின்னஞ்சலில் வரும்.
வெள்ளிக்கிழமை சாவி தாமதித்தால்
வாசலில் மேளம் அடிக்கும்போது
என் வயிறு அடித்துக்கொள்வது யாருக்கும் கேட்காது.

நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு
மூவாநல்லூர் உத்திராபதி அதை வாங்கினார்.
கொள்முதல் நிலையத்து வாசலில் அவருடைய சம்பா
பதினோரு நாளாகச் சாக்குக்குக் காத்துக் கிடந்தது.
இவ்வளவு பெரிய தார்ப்பாய்
தஞ்சாவூரிலும் கிடைக்காது என்றார்.
முதலாளி ஜெகபர் அலி எண்ணி வாங்கிக்கொண்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன்.
எனக்குத் தெரியும்:
ஒரு சதுர அங்குலத்தில் முப்பது துளை.
கடுகு நுழையாது, குரல் நுழையும்.
ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னால்.
கதாநாயகியின் வாயிலிருந்து வருவதாக நீங்கள் நினைப்பது
அந்த வாயிலிருக்கும் ஓட்டைகளிலிருந்து வருவது.
பத்தடி தள்ளி நின்றால் ஒன்றும் தெரியாது.

சொல்லவில்லை.
புதுத் திரைக்காரர்கள் காத்திருந்தார்கள்,
லென்ஸ் துடைக்க வேண்டியிருந்தது.
சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும்.

தை இருபத்தொன்று. ராத்திரி மழை.
மூட்டை எடைபோடும் பூவராகன் என் சித்தி மகன்,
அவன் சொல்லித்தான் மிச்சம் தெரியும்.
அப்பாவும் பிள்ளையும் திரைக்கு அடியில்
குவியலோடு குவியலாக உட்கார்ந்திருந்தார்களாம்.
மேலே ஒரு மழை.
பத்து நிமிடம் கழித்து உள்ளே வேறொரு மழை,
சன்னமாக, சத்தமில்லாமல், மாவு சலிப்பதுபோல.
சாலையில் போன லாரியின் வெளிச்சம் பட்டதும்
பையன் "நட்சத்திரம்பா" என்றானாம்.
ஓங்கி ஒன்று விடலாமென்று வந்ததாம் அவருக்கு.
காலையில் ஈரப்பதம் இருபத்திரண்டு.
பதினேழுக்கு மேல் எடுக்க மாட்டார்கள்.

அடுத்த வெள்ளி புதுத் திரை.
எண்பத்தாறு அடி, லேசர் ஒளி.
டெல்டாவிலேயே பெரிசு என்று போஸ்டர் ஒட்டினோம்,
கும்பகோணத்துக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.
வலங்கைமானிலிருந்து ஒரு வேன்,
முத்துப்பேட்டையிலிருந்து நாலு பைக்,
பட்டுப்புடவை கசங்க ஒரு கல்யாணக் கூட்டம்.
விளக்கு அணைந்து முதல் காட்சி விரிந்ததும்
ஐந்நூற்று எண்பது பேர் ஒரே மூச்சை இழுத்தார்கள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.
இதே படம் ஒரு மாதத்தில் சட்டைப்பைக்கே வந்துவிடும்.
வரட்டும். அங்கே இந்த மூச்சு வராது.

இடைவேளை.
எல்லாரும் பாப்கார்னுக்கும் கழிப்பறைக்கும் எழ,
ஒருவர் மட்டும் எதிர்த்திசையில் நடந்தார்.
மேடையேறி,
விளம்பரத்தில் சிரித்த நகைக்கடைப் பெண்ணின்
ஜிமிக்கிக்குக் கீழே நின்று
நகத்தால் தடவிப் பார்த்தார்.
வேட்டியெல்லாம் தங்கம்.

தொடக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறோம்.
படியிறங்கி ஓடினேன்.

"இதுலயுமா?"

"ஆமாங்க. இல்லேன்னா குரல் வராது."

திரும்பிப் பார்த்தார்.
"அப்ப உனக்குத் தெரியும்."

இரண்டாம் பாதி தானாகவே தொடங்கிவிடும்,
எனக்காக நிற்காது.
இருட்டில் அவர் தன் சீட்டு எண்ணைத் தேடிப் போனார்.
ஒரு பையன் கையாட்டிக் கூப்பிட்டான்.

கொஞ்ச நேரத்தில் படத்தில் மழை.
நல்ல மழை, நாலு பக்கமும்.
மாடி ஏறாமல் திரையோரம் நின்று கேட்டேன்,
ஒவ்வொரு துளையாக.